கரப்பானுக்கு 15 கிராம் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

தோல் அரிப்பு பற்றி நாளிதழ்களின் மருத்துவப் பக்கங்களில் வரும் குறிப்புகள் பெரும்பாலும் ‘தோல் மருத்துவரைப் பாருங்கள்’ என்ற வரியோடு முடிந்துவிடுகின்றன. பார்த்துவிட்டு வீடு திரும்பிய பிறகுதான் கரப்பான் நோயாளியின் பாடு ஆரம்பிக்கிறது. மருந்துச் சீட்டில் ஒரு களிம்பின் பெயர் இருக்கும், ‘இரு வேளை’ என்றிருக்கும். எவ்வளவு தடவுவது, எத்தனை நாள், எந்த இடத்தில், எப்போது நிறுத்துவது என்பது இருக்காது. மருந்துக்கு அடங்காத கரப்பான் என்று பெயர் வாங்கியவற்றில் பல, உண்மையில் மருந்து போதாத கரப்பான்கள். சில, கரப்பானே இல்லாதவை. விலை உயர்ந்த ஊசிக்கு விசாரிப்பதற்கு முன் இந்த இரண்டையும் சரிபார்த்துவிட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

முதலில் பெயர்க் குழப்பம். மருத்துவர்கள் எக்ஸிமா என்பதைத்தான் நாம் கரப்பான் என்கிறோம். ஆனால் படர்தாமரைக்கும் சிரங்குக்கும்கூடச் சில ஊர்களில் இதே பெயர்தான். மூன்றும் அரிக்கும்; மூன்றுக்கும் மருந்து வேறு. ஓரம் தடித்து, நடு சற்றே தெளிந்து, வட்டமாகப் பரவினால், அதுவும் தொடை இடுக்கிலும் இடுப்பிலும் இருந்தால், படர்தாமரையைச் சந்தேகிக்க வேண்டும். அதன்மேல் ஸ்டீராய்டு களிம்பு தடவினால் இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், பூஞ்சை அடங்காது. வட்டம் கலைந்து, பார்த்தால் கரப்பான் போலவே தோன்றும் நிலைக்கு அது வந்துவிடும். தோலை லேசாகச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சை தெரிந்துவிடும். அரை மணி நேர வேலை. விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி இரவில் அரிப்பு எடுத்து, வீட்டில் இன்னொருவரும் சொறிந்துகொண்டிருந்தால் அது சிரங்கு. அதற்குப் பெர்மெத்ரின் 5% களிம்பைக் கழுத்துக்குக் கீழே உடல் முழுக்க இரவில் தடவி 8 முதல் 14 மணி நேரம் வைத்திருந்து குளிக்க வேண்டும். வீட்டில் எல்லோரும் ஒரே இரவில் தடவி, ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை தடவ வேண்டும். அரிக்கிறவர் மட்டும் தடவிக்கொண்டால் அடுத்த மாதம் மறுபடி வரும்.

நாற்பது வயதுக்கு மேல் முதன்முறையாகக் கடுமையான கரப்பான் வந்தால் கேள்வி வேறு. சிறுவயதிலிருந்து வருவதற்கும் இதற்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றல்ல. கொத்தனார்களுக்குச் சிமெண்ட்டில் உள்ள குரோமேட், தோல் பதனிடும் தொழிலாளர்களுக்கும் அதே குரோமேட், தலைச்சாயம் பூசுகிறவர்களுக்குப் பாரா-ஃபினைலீன்-டையமின், வயல்வெளியில் இருப்பவர்களுக்குப் பார்த்தீனியம் செடியின் தூள் என்று தொடு ஒவ்வாமை காரணமாக இருக்கலாம். பார்த்தீனியமானால் முகம், கழுத்து, சட்டைக்கு வெளியே தெரியும் மார்பு, முழங்கை மடிப்பு என்று காற்று படும் இடங்களில் தொடங்கும்; செடி பூத்து நிற்கும் காலத்தில் கூடும். இதைக் கண்டுபிடிக்க முதுகில் ஒட்டும் பட்டைப் பரிசோதனை இருக்கிறது. ஒட்டிய பட்டையை 48 மணி நேரம் கழித்து எடுத்து ஒரு முறையும், 96 மணி நேரத்தில் மறுமுறையும் பார்ப்பார்கள். அதுவரை முதுகு நனையக்கூடாது, வேர்க்கக்கூடாது. சித்திரை வெயிலில் வேர்வையில் பட்டை கழன்று பாதிப் பரிசோதனை வீணாகும், ஆகவே மார்கழி, தையில் செய்துகொள்வது நல்லது. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அது முடிவை மறைத்துவிடும். ரத்தத்தில் ஐஜிஇ என்ற ஒவ்வாமைப் புரதத்தைப் பார்ப்பது இந்தப் பரிசோதனைக்கு மாற்றாகாது. வயதானவருக்கு வந்து எந்த மருந்துக்கும் அசையாமல் இருந்தால் ஒரு சிறு துண்டு தோலை எடுத்துப் பார்க்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு: தோலில் வரும் ஒருவகை லிம்போமா என்ற புற்றுநோய் அரிதாக இதே உருவில் வரும்.

சிறுவயதிலிருந்தே வருவது அட்டோப்பிக் கரப்பான். தோலின் மேலடுக்கு, ஓடு விலகிய கூரை போல ஆகிவிடுகிறது: உள்ளிருக்கும் ஈரம் வெளியேறும், வெளியிலிருந்து தூசியும் கிருமியும் சோப்பும் உள்ளே போகும். மேலடுக்கைக் கெட்டியாக வைத்திருக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுக் குறைபாட்டுக்கும் கரப்பானுக்கும் உள்ள தொடர்பு 2006-ல்தான் தெளிவானது. இதை ‘ரத்தம் கெட்டுப்போனது’ என்று சொல்லி ரத்தத்தைச் சுத்தம் செய்யப் பொடி வாங்குகிறவர்கள், பழுது மேலே இருக்க உள்ளே தேடுகிறார்கள். உள்ளேயும் அழற்சி இருக்கிறது, அது உண்மை. ஆனால் கூரையை மூடாமல் தரையைத் துடைத்துப் பயனில்லை.

கூரையை மூடுவது மாய்ஸ்சரைசர். இதில்தான் முதல் அளவுப் பிழை. கடுமையான கரப்பான் உள்ள குழந்தைக்கு வாரத்துக்கு 250 கிராம் வேண்டும். பெரியவருக்கு 500 கிராம் வரை ஆகும். மாதத்துக்குக் கணக்கிட்டால் குழந்தைக்கு ஒரு கிலோ. 50 கிராம் ட்யூப் வாங்கி மாதம் முழுக்க ஓட்டுகிறவர் அதைத் தடவவில்லை, தொட்டு வைக்கிறார். விலை உயர்ந்த பிராண்டுதான் வேண்டும் என்பதில்லை. இங்கிலாந்தில் 550 குழந்தைகளிடம் லோஷன், கிரீம், ஜெல், ஆயின்ட்மென்ட் நான்கையும் ஒப்பிட்டு 2022-ல் வெளியான ஆய்வில் எதுவும் மற்றதைவிட மேல் என்று தெரியவில்லை. பிள்ளை அழாமல் தடவ விடுவதும், தீரத் தீர வாங்க முடிகிறதும்தான் நல்ல மாய்ஸ்சரைசர். வெள்ளைப் பாரஃபினும் திரவப் பாரஃபினும் கலந்த சாதாரணக் களிம்பு, வாசனை சேர்க்காத பெட்ரோலியம் ஜெல்லி இரண்டுமே போதும். செக்குத் தேங்காய் எண்ணெய் லேசான கரப்பானுக்கு ஓரளவு உதவும். கடுகெண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் வேண்டாம், அவை மேலடுக்கை இன்னும் கலைக்கின்றன.

நம் ஊர் வெயிலுக்குச் சில திருத்தங்கள் செய்துகொள்ள வேண்டும். ஆயின்ட்மென்ட்டைப் பகலில் அப்பினால் வேர்க்குருவும் மயிர்க்காலில் கொப்புளமும் வரும். பகலில் கிரீம், இரவில் ஆயின்ட்மென்ட் என்று பிரித்துக்கொள்ளலாம். முடி படியும் திசையில் மேலிருந்து கீழாக வழித்துவிட வேண்டும், தேய்க்கக்கூடாது. டப்பாவுக்குள் விரலை விட்டால் கிருமி அதிலேயே குடியேறும். சுத்தமான கரண்டியால் எடுத்து ஒரு தட்டில் வைத்துக்கொண்டு தடவ வேண்டும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: பாரஃபின் ஊறிய பருத்தித் துணி சட்டென்று தீப்பிடிக்கும், துவைத்தாலும் முழுதாகப் போகாது. அடுப்படி, குத்துவிளக்கு, தீபாவளி மத்தாப்பு ஆகியவற்றின் அருகே அந்தத் துணியோடு போகக்கூடாது.

குளியல் 10 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். வெதுவெதுப்புக்கு மேல் சூடு வேண்டாம். சாதாரணச் சோப்பின் காரத்தன்மை பிஎச் 9-ஐத் தாண்டும், தோலுக்கு வேண்டியது 5.5 அளவில். ஆகவே சோப்பில்லாத கழுவியை அழுக்கு சேரும் இடங்களுக்கு மட்டும் போட்டால் போதும். சீயக்காய், கடலை மாவு, நலங்கு மாவு எல்லாம் நல்ல தோலுக்கு; வெடித்த தோலில் அவை உப்புக்காகிதம்தான். குளித்து, துண்டால் ஒற்றி, தோல் இன்னும் ஈரமாக இருக்கும்போதே, 3 நிமிடத்துக்குள் மாய்ஸ்சரைசர் தடவிவிட வேண்டும். போர்வெல் உப்புத் தண்ணீர்தான் காரணம் என்று மென்னீர்க் கருவி வாங்குகிறவர்கள் யோசிக்க வேண்டும்: இங்கிலாந்தில் 336 குழந்தைகளிடம் செய்து 2011-ல் வெளியான சோதனையில் அந்தக் கருவியால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. குளிக்கும் தண்ணீரில் ஊற்றும் எண்ணெய்களும் அப்படியே. 482 குழந்தைகளிடம் செய்த சோதனை 2018-ல் அதைக் காட்டியது. அந்தப் பணத்துக்குக் களிம்பு வாங்கலாம். தண்ணீரில் டெட்டால் ஊற்றுவதை நிறுத்தினால் அதுவே பாதி நிவாரணம்.

இனி ஸ்டீராய்டு. இதை அள்ளித் தடவிக் கெடுகிறவர்களும் உண்டு, பயந்து தொடாமல் கெடுகிறவர்களும் உண்டு. இருவருக்கும் வேண்டியது ஒரே அளவுகோல். பெரியவரின் ஆள்காட்டி விரலில் கடைசி மடிப்பிலிருந்து நுனி வரை ட்யூபிலிருந்து பிதுக்கினால் அது ஒரு விரல் நுனி அளவு, அரை கிராம். அது விரல்களைச் சேர்த்து வைத்த பெரியவர் உள்ளங்கை இரண்டின் பரப்புக்குப் போதும். 3 முதல் 5 வயதுக் குழந்தைக்கு முகமும் கழுத்தும் ஒன்றரை அளவு, ஒரு கை முழுக்க 2, ஒரு கால் முழுக்க 3, நெஞ்சும் வயிறும் 3, முதுகும் பிட்டமும் மூன்றரை. கூட்டினால் 18 அளவு, 9 கிராம். தடவுவது பெரியவர் விரலால் அளந்துதான், குழந்தையின் விரலால் அல்ல. உடலில் பாதி இடத்தில் கரப்பான் இருந்தால் ஒரு வேளைக்கு நாலரை கிராம், ஒரு வாரத்துக்கு 30 கிராமுக்கு மேல். கடையில் கிடைக்கும் 15 கிராம் ட்யூப் நான்காம் நாள் காலியாக வேண்டும். அதே ட்யூப் ஒரு மாதம் வந்தது என்றால் மருந்து தோற்கவில்லை, மருந்து போடவே இல்லை. பெரியவர் உடல் முழுக்க ஒரு முறை தடவ 20 கிராம் ஆகும்.

எந்த இடத்துக்கு எது என்பது இரண்டாவது. இமை, முகம், அக்குள், தொடை இடுக்கில் தோல் மெல்லியது. ஹைட்ரோகார்டிசோன் 1% அல்லது டெசோனைடு 0.05%. கை, கால், உடலுக்கு மொமெட்டசோன் 0.1% அல்லது ஃபுளூடிகசோன் 0.05%. உள்ளங்கை, உள்ளங்கால் தடித்துப் போயிருந்தால் மட்டும் குளோபெட்டசால் 0.05%, அதுவும் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து வேண்டாம், வாரத்துக்கு 50 கிராமைத் தாண்டவும் கூடாது. குளோபெட்டசால் ஹைட்ரோகார்டிசோனைவிடப் பல நூறு மடங்கு வீரியமானது. இரண்டும் ஒரே அளவு ட்யூபில், ஒரே வெள்ளை நிறத்தில் வருவதால் வீட்டில் ஒன்றுக்கு ஒன்று மாற்றாகிவிடுகிறது. பெரியவர் காலுக்கு வாங்கியது குழந்தையின் கன்னத்துக்குப் போகிறது. ட்யூபில் பேனாவால் ‘கால் மட்டும்’, ‘முகம் மட்டும்’ என்று எழுதி வைப்பது ஒரு நிமிட வேலை.

நாளுக்கு ஒரு வேளை போதும் என்பவை நிறைய. மொமெட்டசோன், ஃபுளூடிகசோன் அப்படிப்பட்டவை. இதற்கும் மாய்ஸ்சரைசருக்கும் இடையில் 15 முதல் 30 நிமிடம் விட வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றோடொன்று கலந்து வேண்டாத இடத்துக்குப் பரவும். எதுவரை போடுவது? வெளிநாட்டுக் குறிப்புகளில் ‘சிவப்பு மறையும் வரை’ என்றிருக்கும். நம் நிறத்தில் சிவப்பு தெரியாது. கருஞ்சாம்பலாகவோ ஊதாவாகவோ தெரியும், அல்லது ஒன்றுமே தெரியாமல் மயிர்க்கால்கள் மட்டும் புடைத்திருக்கும். ஆகவே கண்ணை நம்பாமல் கையை நம்ப வேண்டும். தடவிப் பார்த்தால் பக்கத்துத் தோல் போல வழுவழுப்பாகும் வரை போட வேண்டும். பெரும்பாலும் 7 முதல் 14 நாள் ஆகும். அரிப்பு நின்ற மூன்றாம் நாளே நிறுத்தினால் பத்தாம் நாள் திரும்பும். ஆறிய இடத்தில் நிற்கும் கரும்புள்ளியோ வெண்திட்டோ நோயின் தழும்பு; மாதக் கணக்கில் தானே மங்கும். அதைப் போக்க ஸ்டீராய்டைத் தொடர்ந்தால்தான் கெடுதல்.

வழுவழுப்பானதும் அடுத்த கட்டம் இருக்கிறது. இதைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. வழக்கமாகத் திரும்பத் திரும்ப வரும் இடங்களில் மட்டும், நன்றாக இருக்கும்போதே, வாரத்தில் இரண்டு நாள் (சனி, ஞாயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள்) அதே களிம்பை நான்கு மாதம் போல் தடவுவது. மேலே நல்லதாகத் தெரியும் தோலுக்கு அடியில் நீறு பூத்த நெருப்பாக அழற்சி இருக்கும், அது கிளம்பாமல் தடுக்கத்தான் இது. முகத்துக்கும் இமைக்கும் ஸ்டீராய்டுக்குப் பதில் டாக்ரோலிமஸ் ஆயின்ட்மென்ட் கொடுக்கலாம். 2 முதல் 15 வயது வரை 0.03%, அதற்கு மேல் 0.1%. முதல் சில நாள் திகுதிகுவென்று எரியும். ஒவ்வாமை என்று பயந்து தூக்கி எறிய வேண்டாம், ஒரு வாரத்தில் குறையும். குளித்த ஈரத்தோடு தடவாமல் நன்றாகக் காய்ந்த தோலில் தடவினால் எரிச்சல் குறைவு.

மருந்துக் கடையில் கேட்காமலே கொடுக்கப்படும் கூட்டுக் களிம்புகளைப் பற்றி ஒரு சொல். ட்யூபின் பின்புறத்தைப் படியுங்கள். ஒரு ஸ்டீராய்டு, ஒரு பூஞ்சை மருந்து, ஒன்றோ இரண்டோ ஆன்டிபயாட்டிக் சேர்ந்திருந்தால் அது எதற்கும் சரியான மருந்தல்ல. எந்த நோய் என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சுடுவது. அதில் அடிக்கடி இருக்கும் நியோமைசினே தொடு ஒவ்வாமை தரும், அதாவது கரப்பான் மேல் இன்னொரு கரப்பான். 2018 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத எச் அட்டவணையில் சேர்த்தது. அந்த விதி தாளில் இருக்கிறது. களிம்பு கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாதக் கணக்கில் முகத்தில் இதைப் பூசி, தோல் மெலிந்து ரத்தக் குழாய் தெரிந்து, பருவும் முடியும் முளைத்து, நிறுத்தினால் நெருப்பாக எரிகிற நிலைக்கு வந்தவர்களுக்கு வைத்தியம் செய்வது கரப்பானைவிடக் கடினம்.

நீர் வடிந்து பொருக்குக் கட்டியிருந்தால் ஆயின்ட்மென்ட் ஒட்டாது. ஒரு தேக்கரண்டி உப்பை அரை லிட்டர் கொதித்து ஆறிய நீரில் கலந்து, மெல்லிய துணியில் நனைத்து, 10 நிமிடம் வீதம் மூன்று நான்கு முறை ஒற்றிவைத்தால் வடிதல் நிற்கும். பொட்டாசியம் பெர்மாங்கனேட் போடுவதானால் 10,000-ல் ஒரு பங்கு. 4 லிட்டருக்கு 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்று. நிறம் இளஞ்சிவப்பாகத்தான் இருக்க வேண்டும். தூளை வாங்கிக் கண்ணளவாகப் போட்டுக் கருஞ்சிவப்பாக்கினால், கரையாத துகள் தோலைச் சுட்டுவிடும். இணையத்தில் வரும் பிளீச் குளியல் குறிப்பிலும் இதே ஆபத்து. அரை கோப்பை பிளீச் என்பது 150 லிட்டர் தொட்டிக்குச் சொன்ன கணக்கு. நம் 15 லிட்டர் வாளியில் அதை ஊற்றினால் பத்து மடங்கு காரம்; தெருவுக்குப் போடும் பிளீச்சிங் பவுடரைப் போட்டால் அதற்கும் மேல். மருத்துவர் அளவெழுதித் தராமல் இதைச் செய்ய வேண்டாம். தேன் நிறப் பொருக்கு, சீழ், தொட்டால் வலி என்றால் கிருமி சேர்ந்துவிட்டது, ஆன்டிபயாட்டிக் தேவைப்படும்.

இவ்வளவும் செய்தும் அடங்காத தடித்த கரப்பானுக்கு ஈரத்துணிக் கட்டு ஒரு நல்ல ஆயுதம். மாலையில் குளித்து, மருத்துவர் சொன்ன ஸ்டீராய்டைப் பாதித்த இடத்திலும் மாய்ஸ்சரைசரை மற்ற இடத்திலும் தடவி, வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியை முதல் அடுக்காகச் சுற்றி, அதன்மேல் உலர்ந்த துணியைச் சுற்ற வேண்டும். பழைய வேட்டி போதும். குழந்தைக்கு இறுக்கமான பருத்திப் பனியன் இரண்டு. சில மணி நேரம், முடிந்தால் இரவு முழுக்க. 3 முதல் 7 நாள், அதற்கு மேல் வேண்டாம், துணிக்கு அடியில் ஸ்டீராய்டு அதிகம் உறிஞ்சப்படும். சீழ் இருக்கும்போது கட்டக்கூடாது. ஏசி அறையில் குழந்தை குளிரில் நடுங்கும், கவனம்.

உணவு விஷயத்தில் சுருக்கமாக. கத்திரிக்காய், கருவாடு, முட்டை, பால் என்று ஒவ்வொன்றாக நிறுத்திக் குழந்தையை இளைக்க வைத்தவர்கள்தான் அதிகம், கரப்பானைக் குணமாக்கியவர்கள் குறைவு. சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பும் வாந்தியும் வந்தால் அந்த உணவைப் பற்றிப் பேச வேண்டும். ரத்தப் பரிசோதனையில் இருபது பொருளுக்கு ‘பாசிட்டிவ்’ வந்தது என்பதற்காக இருபதையும் நிறுத்தக்கூடாது. அதேபோல் ஒவ்வாமை மாத்திரையான செட்ரிசின். கரப்பானின் அரிப்பு பெரும்பாலும் அந்த மாத்திரை தடுக்கும் ஹிஸ்டமின் என்ற பொருளால் வருவதல்ல. அந்த மாத்திரை அரிப்பை அதிகம் குறைக்காது. தூக்கம் தரும் பழைய வகை மாத்திரைகள் சில இரவுகளைக் கடக்க உதவும், அவ்வளவே.

அடுத்து, ஒரே ஊசியில் மூன்று வாரம் அரிப்பில்லாமல் செய்வதாகச் சொல்லும் இடங்கள். போடுவது டிரையாம்சினோலோன் போன்ற நீண்டநேர ஸ்டீராய்டு. மூன்று வாரம் சொர்க்கம், நான்காம் வாரம் முன்பைவிட அதிகமாகக் கிளம்பும், மறுபடி ஊசி. சில மாதத்தில் முகம் வீங்கி, சர்க்கரை ஏறி, உடலுக்குத் தேவையான ஸ்டீராய்டைத் தானே சுரக்கும் அட்ரீனல் சுரப்பி சோம்பிவிடும். பெயர் சொல்லாத பொடியிலும் லேகியத்திலும் இரண்டு நாளில் அதிசயம் நடந்தால் அதற்குள்ளும் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று சந்தேகிப்பதே புத்திசாலித்தனம். மாதக் கணக்கில் இப்படி எடுத்தவர் திடீரென்று நிறுத்தவும் கூடாது. மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

சரியான அளவில் களிம்பு போட்டும், வாரத்தில் பல இரவுகள் தூக்கம் போய், உடலில் பத்து உள்ளங்கைக்கு மேல் (நோயாளியின் ஓர் உள்ளங்கை விரல்களோடு சேர்த்து உடலில் ஒரு சதவீதம்) பரவியிருந்தால், அடுத்த படிக்குப் போகத் தயங்கக்கூடாது. தூங்காத இரவு எத்தனை, பள்ளிக்கோ வேலைக்கோ போகாத நாள் எத்தனை, ஒரு மாதத்தில் எத்தனை ட்யூப் தீர்ந்தது என்ற மூன்று எண்ணிக்கையைத் தாளில் எழுதிக்கொண்டு போனால் மருத்துவரின் முடிவு மாறும். ‘ரொம்ப அரிக்குது டாக்டர்’ என்பதை எல்லோரும் சொல்கிறார்கள்.

முதலில் ஒளி சிகிச்சை: 311 நானோமீட்டர் அளவிலான புற ஊதாக் கதிர், வாரத்துக்கு 2, 3 முறை, மூன்று மாதம் போல். மாத்திரை சாப்பிட முடியாதவருக்கு நல்லது. ஆனால் கூலி வேலைக்குப் போகிறவர் வாரம் மூன்று நாள் பஸ் ஏறி வர முடியுமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். மொட்டை மாடி வெயில் இதற்கு மாற்றல்ல, அதில் வேர்வையும் வெப்பமும் சேர்ந்து அரிப்பைக் கூட்டும்.

அடுத்து, நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்துகள். சைக்ளோஸ்போரின், உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 2.5 முதல் 5 மில்லிகிராம். சில வாரத்தில் பலன் தெரியும். ரத்த அழுத்தமும், சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். கிரியாட்டினின் தொடக்க அளவைவிட 30 சதவீதம் ஏறினால் மருந்தைக் குறைக்க வேண்டும். மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக் விழுங்கிக்கொண்டே இதைச் சாப்பிடுவது சிறுநீரகத்துக்கு இரட்டை அடி. ஓராண்டுக்கு மேல் நீட்டுவது நல்லதல்ல.

மெத்தோட்ரெக்சேட் மெதுவானது; 8 முதல் 12 வாரம் பொறுக்க வேண்டும். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 103 குழந்தைகளிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2023-ல் வெளியான சோதனையில் சைக்ளோஸ்போரின் முதலில் முந்தியது. மருந்தை நிறுத்திய பிறகும் நிலைத்தது மெத்தோட்ரெக்சேட்டின் பலன். விலையும் குறைவு. ஆனால் இது வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை. தினமும் சாப்பிட்டு எலும்பு மஜ்ஜை அடங்கி உயிரை விட்டவர்கள் உலகெங்கும் உண்டு. அட்டையிலேயே ‘செவ்வாய் மட்டும்’ என்று எழுதி ஒட்ட வேண்டும். ஃபோலிக் ஆசிட் வேறு நாளில். மது கூடாது. சிறுநீர்த் தொற்றுக்குக் கோ-ட்ரைமாக்சசோல் யாராவது எழுதினால் இந்த மாத்திரையைப் பற்றிச் சொல்ல வேண்டும், இரண்டும் சேர்ந்தால் ஆபத்து. கர்ப்பம் திட்டமிடும் பெண்கள் தொடங்கவே கூடாது, எடுத்துக்கொண்டிருப்பவர் பல மாதம் முன்பே நிறுத்த வேண்டும். அசாதயோபிரின் பார்த்தீனியக் கரப்பானுக்கு நன்றாக வேலை செய்யும். அதற்கு முன், உடல் இந்த மருந்தைத் தாங்குமா என்று காட்டும் டிபிஎம்டி பரிசோதனையோடு, நம் மக்களுக்கு என்யுடிடி15 மரபணுவும் பார்ப்பது பாதுகாப்பு. யூரிக் ஆசிடுக்கு அலோப்யூரினால் சாப்பிடுகிறவர் அதை மறைக்கக்கூடாது.

புதியவற்றில் டுபிலுமாப் ஊசி 2017-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின் 4, 13 இரண்டின் பாதையையும் அடைக்கிறது. பெரியவருக்கு முதலில் 600 மில்லிகிராம், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 300, தோலுக்கு அடியில். 16 வாரத்தில் பலனை எடைபோட வேண்டும். சிறுநீரகம், கல்லீரல் பரிசோதனை என்று அலைய வேண்டாம் என்பது பெரிய வசதி. விலைதான் தடை; பாதியில் நிறுத்தும்படி ஆகும் என்று தெரிந்தால் தொடங்கும் முன்பே மருத்துவரோடு கணக்குப் போட வேண்டும். கண் சிவந்து உறுத்துவது இதில் வரும் பொதுவான தொல்லை. குடற்புழு இருந்தால் முதலில் அதற்கு மருந்து. ஊசியை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும், உறைய விடக்கூடாது. ஐஸ் கட்டியோடு நேரடியாக ஒட்டி பஸ்ஸில் கொண்டு வந்தால் உறைந்து வீணாகும்.

அழற்சிச் செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் ஜாக் என்ற நொதியைத் தடுக்கும் ஜாக் தடுப்பான் மாத்திரைகளான உபாடாசிடினிப், அப்ரோசிடினிப், பாரிசிடினிப் ஆகியவை சில நாட்களிலேயே அரிப்பைக் குறைக்கும். டோஃபாசிடினிப் மலிவாகக் கிடைப்பதால் அதையும் எழுதுகிறார்கள், ஆனால் அந்த மாத்திரை கரப்பானுக்கென்று அனுமதி பெற்றதல்ல என்பது நோயாளிக்குத் தெரிய வேண்டும். இந்த வகை மருந்துகளுக்கு மாரடைப்பு, ரத்த உறைவு, புற்றுநோய், கடும் தொற்று பற்றிய எச்சரிக்கையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021-ல் கடுமையாக்கியது. புகைபிடிப்பவர், 65 வயதைத் தாண்டியவர், இதய நோயாளி இவற்றில் இறங்குமுன் யோசிக்க வேண்டும். நம் நாட்டில் காசநோய்ப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்-ரேயும், மஞ்சள்காமாலை பி, சி பரிசோதனையும் இல்லாமல் ஒரு மாத்திரைகூட விழுங்கக்கூடாது.

காத்திருக்கக் கூடாத நிலைகள் இரண்டு. கரப்பான் உள்ள இடத்தில் திடீரென்று காய்ச்சலோடு, ஊசியால் துளையிட்டது போல ஒரே அளவுக் குழிகள் கூட்டமாக வந்து வலித்தால் அது ஹெர்பிஸ் வைரஸ். அன்றே அதற்கான அசைக்ளோவிர் மருந்தைத் தொடங்க வேண்டும். கண்ணருகே என்றால் கண் மருத்துவரும் பார்க்க வேண்டும். உடல் முழுக்கச் சிவந்து உரிந்து குளிர் நடுக்கம் எடுத்தால் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.

அரசிடம் ஒரே கோரிக்கை: அரசு மருத்துவமனை மருந்தகங்களில் கரப்பான் நோயாளிக்கு வெள்ளைப் பாரஃபின் களிம்பை அரை கிலோ டப்பாவாகக் கொடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும். இது ஆடம்பர மருந்தல்ல. ஒருவரை ஒரு நாள் வார்டில் வைத்துப் பார்க்கும் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. தங்களிடம் ஒன்று: மருத்துவப் பக்கத்தில் என்றாவது இடம் கிடைத்தால், விரல் நுனி அளவின் படத்தையும், வயது வாரியாக எந்த இடத்துக்கு எத்தனை அளவு என்ற கட்டத்தையும் அச்சிடுங்கள். வெட்டி எடுத்துக் குளியலறைக் கதவில் ஒட்டிக்கொள்ளும் அளவில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தோல் மருத்துவர்கள் இருவர், மருந்தாளுநர் ஒருவர்,
மதுரை.